ஆயா வீட்டுக் கணக்கு நோட்டை வாசிப்பது எப்படி? அளவைச் சொற்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இரண்டாங்கட்டு அறை ஒன்றை ஒதுங்க வைக்க ஆரம்பித்தால் மூன்று பொருள்கள் கட்டாயம் அகப்படும்: மூடி தொலைந்த தூக்குச்சட்டி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து, யாரும் வாசிக்காத ஒரு கணக்கு நோட்டு. எங்கள் ஆயா வீட்டில் கிடைத்தது கல்யாணச் சாமான் நோட்டு. அதில் ஒரு வரி இது:

"அரிசி தூணிப்பதக்கு. புளி ஒன்றே கால் வீசை. மிளகு ஒன்றரை சேர். பூ 40 முழம்."

ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டேன். ஒன்றும் புரியவில்லை. தூணிப்பதக்கு என்றால் ஒரு மூட்டையா, ஒரு வண்டியா? ஒன்றே கால் வீசைப் புளி பத்துப் பேருக்கா, ஆயிரம் பேருக்கா? அந்த ஒரு வரியை அவிழ்க்க நான் என்னென்ன செய்தேனோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரிசி அளக்கும் படி ஒன்றும், கிராம் காட்டும் சமையலறைத் தராசும், டேப்பும் இருந்தால் போதும்.

முதல் படி: கை என்ன செய்தது என்று பாருங்கள்

அளவுச் சொல் ஒன்றைக் கண்டதும் அது எத்தனை கிராம் என்று தேடாதீர்கள். அந்தப் பொருளை வைத்துக்கொண்டு கை என்ன வேலை செய்தது என்று முதலில் கேளுங்கள். நெல்லை அளக்கிறோம். தங்கத்தை நிறுக்கிறோம். தேங்காயை எண்ணுகிறோம். துணியை முழம் போடுகிறோம். இலக்கணக்காரர்கள் இதைத்தான் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நான்காகப் பிரித்தார்கள். எடுத்தல் என்பது தராசைத் தூக்கிப் பிடிப்பது. எடை என்ற சொல் அங்கிருந்து வந்தது. முகத்தல் என்பது குடத்தில் தண்ணீர் மொள்வதுபோல ஒரு பாத்திரத்தால் மொண்டு எடுப்பது.

பழைய உரைகளில் தெறித்தல் என்று இன்னொன்றும் வரும். தட்டிப் பார்த்து மதிப்பிடுவது. பலாப்பழத்தைத் தட்டி வாங்குகிறவர்களும் மண்சட்டியைச் சுண்டிப் பார்க்கிறவர்களும் இன்றைக்கும் அந்த முறையைக் கைவிடவில்லை.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், ஒரே சொல் இரண்டு வீட்டில் குடியிருக்கும். 'சேர்' எடையிலும் வரும், சில ஊர்களில் முகத்தலிலும் வரும். 'காணி' பின்னமாகவும் வரும், நிலமாகவும் வரும். எங்கள் வரியில் அரிசி முகத்தல், புளியும் மிளகும் எடுத்தல், பூ நீட்டல். இதைக் குறித்துக்கொண்டதுமே பாதிக் குழப்பம் தீர்ந்தது. கதையும் அளக்கிற பொருள்தான். அதற்குப் படிக்கணக்கு கிடையாது.

இரண்டாம் படி: பின்னத்தில் 'ஏ' இருக்கிறதா?

பழைய கணக்கில் சறுக்குகிற இடம் இதுதான். பின்னங்கள் இரண்டு கிளையாகப் போகின்றன. ஒன்று, பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போவது: அரை, கால், அரைக்கால் (1/8), வீசம் (1/16). வீசத்துக்கு மாகாணி என்றும் பெயர். மற்றது இருபதில் தொடங்குவது: மா (1/20), அரைமா (1/40), காணி (1/80), அரைக்காணி (1/160), முந்திரி (1/320). இரண்டு கிளையும் காணியில் வந்து சந்திக்கும். ஒரு வீசம் என்பது ஐந்து காணி, ஒரு மா என்பது நான்கு காணி. கால்குலேட்டர் இல்லாமல் பங்கு பிரித்தவர்களுக்கு இந்தப் பொருத்தம் எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது 'ஏ'. "அரைக்கால்" என்றால் காலில் பாதி, அதாவது 1/8. "காலே அரைக்கால்" என்றால் காலும் அரைக்காலும், அதாவது 3/8. 'ஏ' வந்தால் கூட்டுங்கள், வராவிட்டால் பெருக்குங்கள். தொல்காப்பியத்திலேயே இதற்கு விதி இருக்கிறது. "நாழியே ஆழாக்கு", "ஒன்றே கால்" என்று உரையில் உதாரணம் தருவார்கள். அதே இடத்தில் ஒரு விலக்கும் உண்டு: அரைக்கு மட்டும் 'ஏ' வராது. அதனால்தான் ஒன்றே கால், ஒன்றே முக்கால் என்று சொல்கிற அதே வாய் ஒன்றரை என்று சொல்கிறது. "ஒன்றே அரை" என்று யாரும் சொல்வதில்லை. இரண்டாயிரம் வருஷத்து விதி ஒன்று மளிகைக்கடை வாசலில் தினமும் பிழையில்லாமல் நடக்கிறது. எனக்கு இதைவிடப் பிடித்த இலக்கணம் வேறில்லை.

"முக்காலே மூணு வீசம் முடிஞ்சிருச்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். 3/4 உடன் 3/16 சேர்ந்தால் 15/16. பதினாறு அணா ரூபாயில் பதினைந்து அணா. இன்னும் ஒரு அணாதான் பாக்கி என்று அர்த்தம்.

மூன்றாம் படி: உங்கள் படியை நீங்களே அளந்துவிடுங்கள்

முகத்தல் வாய்பாட்டைப் பழைய புத்தகங்கள் இப்படித் தரும். 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஒரு ஆழாக்கு. 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 2 உழக்கு ஒரு உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. மரக்கால் என்பதும் அதுவே. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம்.

ஆக, தூணிப்பதக்கு என்பது ஒரு தூணியும் ஒரு பதக்கும். 'ஏ' வராவிட்டாலும் இங்கே கூட்டல்தான். நான்கும் இரண்டும் ஆறு குறுணி. வாய்பாட்டின்படி 48 நாழி. நாழியும் படியும் ஒன்றுதானே என்று 48 படி எனக் குறித்துக்கொண்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

வாய்பாட்டைப் பெருக்கினால் ஒரு நாழியில் 14,400 நெல். ஒரு மத்தியானம் வேலையற்றுப் போய் ஆயிரம் நெல்லை எண்ணி நிறுத்தேன். 22 கிராம் காட்டியது. அப்படியானால் 14,400 நெல் சுமார் 317 கிராம். ஆயா வீட்டுப் பித்தளைப் படியில் அதே நெல்லை நிரப்பினால் ஏறக்குறைய 900 கிராம் பிடிக்கிறது. வாய்பாட்டு நாழியைப்போல மூன்று மடங்கு! ஊருக்கு ஊர் படி வேறு. ஒரே ஊரிலும் சின்னப் படி, பெரிய படி என்று இரண்டு புழங்கும். சில இடத்தில் எட்டுப் படி ஒரு மரக்கால், சில இடத்தில் நாலு படியே ஒரு மரக்கால். இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லை "ஆடவல்லான் என்னும் மரக்காலால்" அளந்தது என்று மரக்காலின் பெயரையே சொல்லி எழுதியிருக்கிறார்கள். எந்த மரக்கால் என்று பெயர் சொல்லாவிட்டால் அன்றைக்கும் தகராறுதான்.

அதனால் வாய்பாட்டை நம்பாமல் கையில் இருக்கும் படியை அளக்க வேண்டும். முறை எளிது. வெறும் படியைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்புக்கு மேல் குமிழாக நிற்கும் நீரை ஓர் அட்டையால் வழித்துவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் மில்லிலிட்டர். எங்கள் படி 1,580 காட்டியது. பற்றுவைத்த பழைய படி அடியில் ஒழுகும்; அப்படி ஒழுகினால் தண்ணீரை விட்டுவிட்டு அரிசியால் அளந்து, அதே அரிசியை அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள். மர மரக்காலில் தண்ணீரே ஊற்றாதீர்கள்.

அப்புறம் அரிசி. தலைதட்டி, அதாவது விளிம்போடு மட்டமாக வழித்து அளந்தபோது ஒரு படி அரிசி 1,300 கிராம். குவித்து அளந்தபோது 1,420. ஒரு கைக்கே இவ்வளவு வித்தியாசம். "தலைதட்டி" என்ற சொல்லை நோட்டில் பார்த்தால் தாண்டிப் போய்விடாதீர்கள். அதுவும் அளவில் சேர்ந்ததுதான்.

இதை நான் பணியாரத்தில் கற்றேன். வெள்ளைப் பணியாரத்துக்கு ஆயா சொன்ன அளவு: "ஆழாக்குப் பச்சரிசியத் தலதட்டி எடுத்துக்க. அதுக்கு மேலேயே உளுந்தக் கோபுரமா வச்சுக்க, நிக்கிற மட்டும்." அவ்வளவுதான். உளுந்துக்குத் தனியாக அளவு கிடையாது. ஆழாக்கின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு உளுந்து அதன் மேல் நிற்கும். நான் பெரிய புத்திசாலியாக அரிசியையும் உளுந்தையும் தனித்தனிக் கப்பில் அளந்து, ஒன்றுக்குக் கால் என்று போட்டேன். பணியாரம் எண்ணெய் குடித்து, ஆறியதும் தோசைத் துண்டுபோலச் சுருங்கிக் கிடந்தது. ஆயா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உளுந்து கூடிப்போச்சு, அப்பச்சி" என்றார். பழையபடி அதே ஆழாக்கில் கோபுரம் கட்டி எடுத்து, உளுந்தை மட்டும் நிறுத்துப் பார்த்தேன். நான் போட்டதில் பாதிகூட இல்லை.

படி இல்லாதவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளை ஏறி இறங்கலாம். பித்தளைப் படி, இரும்புப் பூண் போட்ட மரக்கால் எல்லாம் கண்ணில் படும். வாங்கும்போது அடியையும் விளிம்பையும் பாருங்கள். விளிம்பு நசுங்கிய படி அழகாக இருக்கும், அளவு பொய்யாக இருக்கும்.

எங்கள் வீட்டு மரக்காலையும் தேடி எடுத்தோம். அதில் எங்கள் படியால் நாலு படிதான் கொண்டது. ஆக, ஆறு மரக்கால் என்பது 24 படி. முதலில் நான் குறித்ததில் சரிபாதி.

நான்காம் படி: பலத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுங்கள்

எடைச் சொற்களில் நல்ல காலம், சென்னை மாகாணத்து அளவு பெரும்பாலும் ஒரே மாதிரி. பலம் என்பதை 35 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதல் (35.4) என்று வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். 8 பலம் ஒரு சேர், சுமார் 283 கிராம். 5 சேர் ஒரு வீசை, அதாவது 40 பலம், 1.4 கிலோவுக்குச் சற்று மேல். 8 வீசை ஒரு மணங்கு, 11.3 கிலோ. 20 மணங்கு ஒரு கண்டி, ஏறக்குறைய 227 கிலோ. வடநாட்டுச் சேர் இதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். இணையத்தில் தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும், ஏமாந்துவிடாதீர்கள். வீசை கடையிலிருந்து போய்விட்டாலும் வசவில் உட்கார்ந்திருக்கிறது: "வெட்கம் வீசை என்ன விலைன்னு கேப்பான்."

தங்கத்துக்குத் தனி ஏணி. 4 நெல் எடை ஒரு குன்றிமணி, 2 குன்றிமணி ஒரு மஞ்சாடி, 10 மஞ்சாடி ஒரு கழஞ்சு. எண்ணிக்கை எப்படித் தொடங்குகிறது பாருங்கள்: நெல்லும் விதையும்தான். வைரத்தின் காரட்டும் ஒரு விதையின் பெயரிலிருந்து வந்ததுதான். இன்று அது 200 மில்லிகிராம், அதில் நூறில் ஒன்று ஒரு சென்ட். பவுன் என்று நாம் சொல்வது இங்கிலாந்து சவரன் காசின் எடை. காசு 7.98 கிராம், கடையில் 8 கிராம். பழைய நகைப் பட்டியலில் "பவுன்" என்று இருந்தால் காசையா எடையையா குறிக்கிறது என்று பாருங்கள். "காசு மாலை, பவுன் 30" என்றால் இரண்டும் ஒன்றாக இருக்கலாம்.

ஐந்தாம் படி: முழமும் நூலும்

12 விரற்கிடை ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு பாகம். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். கிணற்றின் ஆழத்தைக் கயிற்றால் அளக்கும்போது அந்தக் கணக்கு வரும். முழத்தை 18 அங்குலம் என்று கொண்டால் எட்டு முழ வேட்டி 12 அடி, மீட்டரில் 3.66. கடையில் விற்பதும் அதை ஒட்டியே இருக்கும். பூக்காரம்மாவின் முழம் அவர் கையைப் பொறுத்தது. அதற்கு முத்திரை போட ஆள் இல்லை.

கொத்தனார், ஆசாரி பேச்சில் இன்னொரு சொல் வரும்: நூல். ஒரு நூல் என்பது அங்குலத்தில் அரைக்கால். மூணு நூல் கம்பி என்றால் 3/8 அங்குலம், கடைக்காரர் 10 எம்எம் எடுத்துத் தருவார். நாலு நூல் என்றால் 12 எம்எம். பழைய வீட்டைப் பழுது பார்க்கும்போது "நிலை ரெண்டு நூல் சாஞ்சிருக்கு" என்று ஆசாரி சொன்னால் பயப்பட வேண்டாம், கால் அங்குலம்தான். அவர் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துச் சொல்கிறார். ரசமட்டத்தை வைத்துச் சொல்கிறவர் சொல்வதைவிட அதை நம்பலாம் என்பது என் அனுபவம்.

ஆத்தங்குடிக் கல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. தளத்தைச் சதுர அடியில் அளப்பீர்கள், கல் அங்குலத்தில் இருக்கும். ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம். 10 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 144 கல். 8 அங்குலக் கல் என்றால் 225. ஓரத்தில் வெட்டுவதற்கும் உடைவதற்கும் கூடவே சேர்த்து வாங்குங்கள். கையால் செய்கிற கல், அடுத்த முறை போனால் அதே சாயம் கிடைக்காது.

ஆறாம் படி: நிலம், சுருக்கமாக

நம் பக்கம் பேச்சில் சென்ட், ஏக்கர். பட்டாவில் ஹெக்டேர், ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அது 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பழைய பத்திரத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து நிலம் இருந்தால் குழி, மா, வேலி வரும்: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. வேலியில் இருபதில் ஒன்று மா. இரண்டாம் படியில் பார்த்த பின்னம் இங்கே நிலமாகிவிட்டது. 12 அடிக் கோலால் அளந்த குழி (ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம்) என்றால் ஒரு மா சுமார் 33 சென்ட், ஒரு வேலி 6.6 ஏக்கர். கோல் எத்தனை அடி என்று பத்திரத்திலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் பெருக்காதீர்கள்.

ஏழாம் படி: நோட்டின் வயதும் குறிகளும்

தேதி கிழிந்துபோயிருந்தால் காசைப் பாருங்கள். அணா, தம்பிடி என்று இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. நயா பைசா என்று இருந்தால் அதற்குப் பிந்தையது. கிலோ வந்தது 1958 அக்டோபரிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டும் கலந்து எழுதிய நோட்டுகளும் உண்டு. பழக்கம் சட்டத்துக்காகக் காத்திருக்காது, சட்டம் வந்தபிறகும் உடனே போகாது.

எண்கள் தமிழில் இருந்தால் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். பழைய முறையில் பூஜ்யம் எழுதுவதில்லை. ௱௨௰௫ என்றால் 125. கால் என்பதற்கு 'வ' போன்ற குறி வரும். அதை எழுத்தென்று நினைத்து வாசித்தால் வரி குழம்பும். ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். மேற்படிக் குறியைப் பார்த்தால் மேல்வரியின் அளவே இங்கும் என்று பொருள். எங்கள் நோட்டில் பாதிப் பக்கம் அதுதான்.

செட்டிநாட்டு நோட்டில் மட்டும் வரும் ஒரு எண்ணல் அளவை இருக்கிறது: புள்ளி. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) ஊர்க் கணக்கில் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயில் வரியைப் புள்ளிக்கு இவ்வளவு என்று போடுவார்கள். "எத்தனை பேர் வீடு" என்று நாம் கேட்பதும் "எத்தனை புள்ளி" என்று அவர்கள் கேட்பதும் ஒரே கேள்வி இல்லை. வட்டியும் அப்படியே. "ஒரு ரூபாய் வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் ஒன்று, வருஷத்துக்குப் பன்னிரண்டு.

வரி அவிழ்ந்தது

அரிசி தூணிப்பதக்கு: ஆறு மரக்கால், எங்கள் மரக்காலால் 24 படி, தலைதட்டி அளந்தால் 31 கிலோ. புளி ஒன்றே கால் வீசை: 50 பலம், 1 கிலோ 770 கிராம். மிளகு ஒன்றரை சேர்: 12 பலம், 425 கிராம். பூ 40 முழம்: 60 அடி, 18 மீட்டருக்குச் சற்று மேல்.

ஊரில் பந்தி சமைக்கும் பெரியவர் ஒருவரிடம் இந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அரிசி இருநூத்தம்பது எலைக்குச் சரி. புளியும் சரி. மிளகு பத்தாதுங்களே. அந்தக் காலத்துல இவ்வளவு கொஞ்ச மிளகுல யாரும் சமைச்சிருக்க மாட்டாங்க. அடுத்த பக்கத்தத் திருப்பிப் பாத்தீங்களா?"

பார்த்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து திருப்பினேன். பக்கத்தின் தலையில், வேறு மையில்: "பின்னும் மிளகு அரை வீசை."